அமலராணி பேரு போட்ட கல்லு

அமலராணியப் பத்திச் சொல்லணும்னா முதல்ல என்னையப் பத்திச் சொல்லணும். அவ வாழ்க்கையில நடந்த ரெண்டு மோசமான நாள்லயும் நான் பக்கத்துலதான் நின்னேன். நின்னேன்னுதான் சொல்றேன், வேற ஒண்ணும் செய்யல.

எம்பேரு ரூபி. திண்டுக்கல் நாகல் நகர்ல தையக்கடை வச்சிருக்கேன். ரவிக்கை, சுடிதாரு, புதுநன்மை வாங்குற பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனு. எனக்கு வாய் ஜாஸ்தி. அளவு குடுத்துட்டுப் போயி நாலு கிலோ ஏறி வந்து, ரவிக்கை பிடிக்குதுன்னு குறை சொல்றவுகள நடு ரோட்டுல நிக்க வச்சுக் கேட்டுருவேன். தெருவுல யாரும் எங்கிட்ட வம்பு வச்சுக்க மாட்டாக. அம்புட்டு வாயும் எங்க சொந்தக்காரகளப் பாத்தா மட்டும் எங்கிட்டுப் போகும்னு எனக்கே தெரியாது.

சொந்த ஊரு ரெட்டியார்சத்திரம் பக்கம். பேரு வேணாம், விடுங்க. ஊரு பூராவும் வேதக்காரகதான், கிறிஸ்தவ ஊரு. ஒரே கோயில், ஒரே சாமியார், பூசையில நன்மை அப்பம் வாங்குறதும் ஒரே வரிசை. நாங்க மேலத்தெரு. கீழத்தெருக்காரக வேற சாதி. உசுரோட இருக்கற வரைக்கும் ஒரே பூசை, செத்துப்போனா வேற வேற. கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு ஆள் உசரத்துக்குச் சுவரு, ஆளுக்கொரு கேட்டு. நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாளன்னைக்கு, சாமியார் ஒரு வாளித் தண்ணிய மந்திரிப்பாரு. முதல்ல எங்க பக்கம் தெளிப்பாரு. அப்புறம் வெளிய வந்து, சுத்திப் போயி, மிச்சத்த அவுக பக்கம் தெளிப்பாரு. சின்னப்புள்ளையில இருந்து பாத்துப் பாத்து எனக்கு அது தப்பாவே தெரியல.

அமலா கீழத்தெரு. அவ கட்டிக்கிட்ட ராயப்பராஜ் எங்க பெரியப்பா மகன், மேலத்தெரு. வயரிங் வேலை பாத்தாரு. திண்டுக்கல்ல ஒரு தையல் பள்ளிக்கூடத்துக்கு லைன் இழுக்க வந்தவரு, மூணு நாள் வேலைய மூணு வாரம் இழுத்தாரு. எதுக்குன்னு அங்க இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், நானும் அங்கதான் படிச்சேன். ஊருக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க மாட்டேன்னுட்டாக. நத்தத்துப் பக்கம் ஒரு சாமியார் தைரியமாக் கட்டி வச்சாரு. பெரியப்பா வீட்டுல அன்னைக்கோட பேச்சுவார்த்தை அறுந்துபோச்சு. ரெண்டு பேரும் நாகல் நகர்லயே ஒத்த ரூம்புல குடி இருந்தாக, பிள்ளை இல்ல.

நான் கடை போட்டப்ப அமலா எங்கூட வேலைக்கு வந்தா. பதினாலு வருசம். கழுத்து வளைவு அவ வெட்டுனா கண்ணாடியில வரைஞ்சாப்புல இருக்கும். எம்புட்டுத்தான் நான் கத்துனாலும், "முடிஞ்சுச்சா? தண்ணி குடி" அப்படிம்பா. மத்தியானம் அவ வெஞ்சனத்துல பாதி எனக்குத்தான். முறைக்கு அவ எனக்கு மதினி. கடையில நாங்க ரெண்டு பேரும் மட்டும் இருந்தா மதினின்னு கூப்பிடுவேன். ஊரு ஆளுக யாராச்சும் படியேறுனா அமலான்னு கூப்பிடுவேன். அவ அதக் கவனிச்சுக்கிட்டுத்தான் இருந்தா, ஆனா ஒரு நாளும் கேட்டதில்ல.

ஒம்பது வருசத்துக்கு முந்தி, ஒரு செவ்வாக்கிழமை, ராயப்பண்ணனுக்கு நெஞ்சு வலி. பெரியாஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேர்த்து ஒரு மணி நேரத்துல முடிஞ்சுபோச்சு. நாப்பத்தாறு வயசு. இருவது வருசமா எட்டிப் பாக்காத அண்ணந்தம்பிக, பொணம்னதும் வேன் எடுத்துக்கிட்டு வந்துட்டாக. மூத்தவரு இனிகோ, கல்லறைக் கமிட்டியில பெரிய ஆளு. எங்க ரத்தம் எங்க மண்ணுல தான் கிடக்கணும்னாரு. அமலாவ வேன்ல ஏத்தல. அவ ஆட்டோ பிடிச்சு பின்னாடியே வந்தா. கல்லறைக் கேட்டுல நாலு பேரு குறுக்க நின்னுக்கிட்டாக. இந்த கேட்டுக்குள்ள உங்க ஆளுக காலு வச்சதில்லன்னு இனிகோ அண்ணன் சொன்னாரு. புருசன் முகத்தப் பாத்து ஒருபிடி மண்ணு போட்டுட்டுப் போயிர்றேன்னு அவ கெஞ்சுனா. பிடிச்சுத் தள்ளுனதுல ரோட்டுல விழுந்தா.

நான் உள்ள இருந்தேன். அண்ணனைப் பெத்த பெரியம்மா பக்கத்துல, கையில செபமாலையோட. அமலா என்னையப் பாத்தா. நான் தரையப் பாத்தேன்.

மறுவாரம் வேலைக்கு வந்தா. திட்டுவான்னு நினைச்சேன், திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. கல்லறைத் திருநாளன்னைக்கு நான் ஊருக்குப் போவேன்ல, அவ பேருக்கு ஒரு மெழுகுதிரி ஏத்திட்டு வரணும், அம்புட்டுத்தான். சரின்னேன். அந்த வருசம் ஒரு செவ்வந்தி மாலையும் மெழுகுதிரி பாக்கெட்டும் குடுத்து விட்டா. போயிப் பாத்தா மண்ணு மேடு. அதுல நட்ட மரச் சிலுவை கரையான் அரிச்சு சாஞ்சு கிடக்கு, சுத்திப் புல்லு. திரும்பி வந்ததும், எப்படி இருக்கு ரூபின்னு கேட்டா. நல்லா சிமெண்டு வச்சுக் கட்டியிருக்காகன்னு சொன்னேன். அவ முகத்தப் பாத்துக்கிட்டு உங்களால வேற சொல்ல முடியுமா? எனக்கு முடியல.

மூணாம் வருசம் பெரியம்மா செத்துப்போச்சு. எங்க பக்கம் குடும்பக் குழி வழக்கம். மகன் குழியத் தோண்டி, எலும்ப ஓரமா ஒதுக்கிட்டு, தாயை அதுலயே வச்சாக. மேல கறுப்பு கிரானைட்டுல கல்லு நிறுத்துனாக. கல்லுல பெரியம்மா பேரு மட்டும். ராயப்பண்ணன் அப்படி ஒருத்தரு பிறந்ததுக்கே அடையாளம் இல்ல.

அந்த வருசமும் அமலா கேட்டா. கறுப்புக் கல்லு போட்டிருக்காகன்னு சொன்னேன். என்ன எழுதியிருக்குன்னா. அண்ணன் பேரு, பிறந்த தேதி, இறந்த தேதின்னேன். வேறன்னா. அந்த ‘வேற’தான் என்னையக் கெடுத்துச்சு. கையில கத்திரிக்கோலை வச்சுக்கிட்டு, கண்ணு இமைக்காம நின்னா. "கீழ, இவரது மனைவி அமலராணின்னு உன் பேரும் போட்டிருக்கு மதினி" அப்படின்னுட்டேன்.

ஆத்தாடி, அவ அழுத அழுகை. மேசையில தலைய வச்சுக்கிட்டு அழுதா. சாயங்காலம் அல்வா வாங்கிட்டு வந்து பக்கத்துக் கடைக்கெல்லாம் குடுத்தா. அன்னையில இருந்து இனிகோ அண்ணன் குடும்பத்து மேல அவளுக்குக் கோவமே இல்ல. கேட்டுல விடலைன்னாலும் கல்லுல விட்டுட்டாகள்ல, அது போதும்னு சொன்னா. வருசா வருசம் கிறிஸ்மசுக்கு இனிகோ அண்ணன் சம்சாரத்துக்கு ஒரு ரவிக்கை தச்சு எங்கிட்டக் குடுத்து விடுவா. நான் தச்சதுன்னு சொல்லி நான் குடுப்பேன். பொய்யின்னா சும்மா இல்ல, அதுக்கும் தீனி போட்டுக்கிட்டே இருக்கணும்.

போன வருசம் ஆவணி மாசம் கடைக்கு ஒரு பொண்ணு வந்துச்சு. பேரு பாஸிலா, சினிமாவுல உதவி டைரக்டரு. பழைய ரவிக்கை நாப்பது வேணும், சாயம் போனதா வேணும்னு கேட்டுச்சு. என்ன படம்னேன். சாதியப் பத்தின படம்னுச்சு. மூணு நாட்டுல மூணு கதை. ஒண்ணு ஜப்பான்ல, ஒண்ணு ஏமன்ல, மூணாவது நம்ம பக்கம். தோலு, மொழி, சாமி எல்லாம் வேற வேறயா இருந்தாலும், ஒருத்தன ஒதுக்கி வைக்கிற விதம் மட்டும் எல்லா ஊருலயும் ஒரே மாதிரி இருக்கு, அதத்தான் காட்டப் போறோம்னுச்சு. ஜப்பான்ல முன்னாடி ஒதுக்கப்பட்ட சனம் செத்துப்போனா கல்லறைக் கல்லுல கேவலமான பேரா வெட்டி வச்சாகளாம், செத்தும் விடலையாம். இங்க கல்லறைச் சுவரு பத்திக் கதைன்னுச்சு.

காஜா எடுத்துக்கிட்டு இருந்த அமலா தலைய நிமித்துனா. எங்க ஊருலயும் சுவரு இருக்கும்மான்னா. ஆனா எம் புருசன் கல்லுல எம்பேர மரியாதையாப் போட்டிருக்காக, காலம் மாறுது பாப்பான்னு சொன்னா. சொல்றப்ப அவளுக்கு அம்புட்டுப் பெருமை. எனக்கு மிஷின் மிதிச்ச காலு நின்னுபோச்சு. பாஸிலா நோட்டுல எழுதுச்சு. ரெண்டே வாரத்துல எங்க ஊருக் கல்லறைய ஷூட்டிங்குக்குப் பேசி முடிச்சுட்டாக. குடும்பப் படம்னு சொல்லி, தோட்டம் பூராவும் வெள்ளையடிச்சுத் தாரோம்னு சொல்லி, கமிட்டிய மடக்கிட்டாக. இனிகோ அண்ணனுக்குக் கோயில் படியில நிக்கிற மாதிரி ஒரு வேசமும் குடுத்தாக. மனுசன் மீசைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு.

பாஸிலா அமலாவையும் யூனிட்டுல சேத்துக்கிச்சு. துணி கிழிஞ்சா தைக்க ஆள் வேணும்ல. கழுத்துல கம்பெனி அட்டை மாட்டிக்கிட்டா யாரும் உங்கள தடுக்க முடியாதுக்கா, நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுச்சு. அமலா அன்னைக்கு ராத்திரி தூங்கலையாம். எட்டு வருசம் ரூபி, ஒத்த மெழுகுதிரி எங்கையால ஏத்திட்டு வந்துட்டா செத்தாக்கூடப் பரவாயில்லன்னா.

உண்மையச் சொல்ல எனக்கு ஒரு மாசம் இருந்துச்சு. தினமும் காலையில கடை திறக்குறப்ப இன்னைக்குச் சொல்லிறணும்னு நினைப்பேன், சாத்துறப்ப நாளைக்குன்னு நினைப்பேன். நத்தத்துக் கல்யாண ஆர்டரு நிக்குது, நீ வராதன்னு சொல்லிப் பாத்தேன். உடம்புக்கு முடியலன்னு படுத்துப் பாத்தேன். அவ எனக்குக் கசாயம் வச்சுக் குடுத்துட்டு, அந்த ஒரு நாள் மட்டும் போயிட்டு வந்துர்றேன்னு சொன்னா.

கடைசியில கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு வேலை செஞ்சேன். யூனிட்டுல செட்டுப் போடுற பையன் முகேஷ்குமார். தெர்மாகோல அறுத்துப் பெயிண்ட் அடிச்சா நெசக் கல்லு தோத்துப்போகும், அப்படி ஒரு கை. ஷூட்டிங்குக்கு முந்தின நாள் அவங்கிட்டப் போயி, பெரியம்மா கல்லு அளவைச் சொல்லி, அதே மாதிரி கறுப்புல ஒண்ணு வேணும்னேன். ராயப்பராஜ், பிறந்த தேதி, இறந்த தேதி, இவரது மனைவி அமலராணி. அவன் எழுத எழுத நான்தான் பக்கத்துல நின்னு சொன்னேன். எதுக்குக்கான்னு கேட்டான். ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தாண்டா தம்பி, ஒருத்தி மனசு நிறையட்டும்னேன். விடியக்காலையில யாரும் வர்றதுக்கு முன்னாடி நாங்க ரெண்டு பேரும் போயி, பெரியம்மா கல்ல மறைச்சாப்புல அத நிறுத்துனோம். அச்சு அசல் கிரானைட்டு. கும்பிட்டுட்டு அவ அங்கிட்டுப் போனதும் எடுத்துறலாம், பொய்யும் போச்சு, பாவமும் போச்சுன்னு நினைச்சேன். பெயிண்டு ஈரமா இருக்கு, தொடாதன்னு அவகிட்டச் சொல்லணும்னு கூட யோசிச்சு வச்சிருந்தேன்.

மெழுகுதிரிய மறந்துட்டேன். எட்டு வருசமா அவகிட்ட இருந்து வாங்கிட்டுப் போனவளே நான்தான், நானே மறந்துட்டேன்.

காலையில எட்டு மணி இருக்கும். கழுத்துல அட்டையோட, பாஸிலா பின்னாடி அமலா அந்த கேட்டுக்குள்ள வந்தா. இனிகோ அண்ணன் நாற்காலியில உக்காந்திருந்தாரு. முகம் சுண்டிப்போச்சு. கேமராவுக்கு முன்னாடி எப்படிக் கத்துறதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. அமலா செருப்பக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டா. மேக்கு மூலையில, நாலாவது வரிசைன்னு நான் வருசா வருசம் சொன்ன இடத்துக்கு யாரையும் கேக்காம நடந்து போனா.

கல்லு முன்னாடி மண்டி போட்டா. முதல்ல அவரு பேர வாசிச்சா, அப்புறம் அவ பேரு. வாய்விட்டு எழுத்து எழுத்தாக் கூட்டி வாசிச்சா. நான் சொன்னதும் கல்லுல இருந்ததும் ஒண்ணா இருக்கான்னு பாத்தாளோ என்னமோ. திரும்பி என்னையப் பாத்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்ப நான் வாங்கியிருக்கக் கூடாது.

பெயிண்டு ஈரம் மதினி, தொடாதன்னேன். சரின்னு தலையாட்டிட்டு மெழுகுதிரிய எடுத்தா. நம்ம பக்கம் எப்படி ஏத்துவோம்? பத்த வச்சு, நாலு சொட்டு மெழுகக் கல்லு மேல ஊத்தி, அது காயுறதுக்குள்ள திரிய நிறுத்துவோம். அவ அதத்தான் செஞ்சா. கல்லோட அடியில மெழுகச் சொட்டுனா. நான் வாயத் திறக்குறதுக்குள்ள தெர்மாகோல் சுருங்க ஆரம்பிச்சுருச்சு. கறுப்புப் பெயிண்டு சுருண்டு, நாத்தம் எடுத்து, ‘அமலராணி’ங்கிற எழுத்து முதல்ல உள்வாங்குச்சு. அவ பதறிப்போயி சேலை முந்தானையால அமுக்குனா. அமுக்குன எடத்துல பாதிக் கல்லு பிஞ்சு அவ கையோட வந்துருச்சு. பின்னாடி நெசக் கல்லு. அதுல பெரியம்மா பேரு.

அவ கையில இருந்த தெர்மாகோலைப் பாத்தா. அப்புறம் அந்தக் கல்லப் பாத்தா. அப்புறம் என்னைய.

"அவரு எங்க இருக்காரு ரூபி?"

"பெரியம்மாவுக்குக் கீழ."

"கல்லு?"

"இல்ல மதினி. எப்பவுமே இல்ல."

அவ அழல. சிமெண்டு, கறுப்புக் கல்லு, அவ பேரு, எல்லாத்தையும் மனசுக்குள்ள ஒண்ணொண்ணாத் திரும்பப் பாக்குறான்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. தினமும் கஞ்சி குடிக்கிற மாதிரி அந்தக் கல்ல வச்சுத்தான் அஞ்சு வருசம் சீவிச்சிருந்தா. அத நான் அவ கையில இருந்து பிடுங்கிட்டேன். குடுத்தவளும் நான்தான்.

கருகுன நாத்தத்துக்கு ஆளுக ஓடி வந்துட்டாக. டைரக்டரு, பாஸிலா, முகேஷ்குமார், எங்க சொந்தக்காரக எல்லாரும். இனிகோ அண்ணன் கூட்டத்த விலக்கிட்டு வந்து குனிஞ்சு வாசிச்சாரு. மிச்சம் இருந்ததுல ‘ராயப்ப’ங்கிறதும் ‘மனைவி’ங்கிறதும் தெரிஞ்சுச்சு. எங்காத்தா கல்லுல இத வச்ச நாயி யாருன்னு கேட்டாரு. முகேஷ்குமார் வாயத் திறக்கப் போனான். என்னையப் பாத்தான். நான் வேணாம்னு தலைய ஆட்டுனேன்.

எதுக்கு ஆட்டுனேன்? சொன்னா எங்கள ஊரை விட்டு ஒதுக்கி வச்சிருவாக, அடுத்த மாசம் எந்தம்பி மக கல்யாணம் அந்தக் கோயில்லதான், இதெல்லாம் ஒரு நொடியில மண்டைக்குள்ள ஓடுச்சு. அமலா நான் தலையாட்டுனதப் பாத்துட்டா. எந்திரிச்சு நின்னா.

"நான்தான் வச்சேன்" அப்படின்னா. "எம்பேர எம் புருசன் பேரோட எழுதிப் பாக்கணும்னு ஆசை. வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல."

இனிகோ அண்ணன் பேசுன பேச்ச நான் இங்க எழுத மாட்டேன். இவ வெளிய போகாம ஒரு ஷாட்டும் எடுக்க முடியாதுன்னு கேமராவுக்குக் குறுக்க நின்னாரு. பாஸிலா சண்டை போட்டுச்சு. அந்தப் பிள்ளைய நான் குறை சொல்ல மாட்டேன், அது ஒண்ணுதான் சண்டை போட்டுச்சு. டைரக்டரு கைக்கடிகாரத்தப் பாத்தாரு. நடிகைக்கு அன்னைக்கு ஒரு நாள்தான் தேதியாம். ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு, "அம்மா, தப்பா நினைக்காதீங்க, செத்த நேரம் வெளிய வேன்ல உக்காருங்க, இந்த ஒரு சீனு முடிஞ்சிறட்டும்"னு. அன்னைக்கு எடுக்க வேண்டியது என்ன சீனு தெரியுமா? ஒரு பொம்பள தடுக்குறவுகளத் தாண்டிக் கல்லறைக்குள்ள நுழையிற சீனு.

அமலா கழுத்து அட்டையக் கழட்டிப் பாஸிலா கையில குடுத்தா. அந்த மண்ணுல ஒருபிடி அள்ளி முந்தானையில முடிஞ்சா. அத யாரும் தடுக்கல. என்னையத் தாண்டிப் போறப்ப நின்னா. ரெண்டு அடி போடுவான்னு நினைச்சேன், போட்டிருக்கலாம். நத்தத்துக் கல்யாண ரவிக்கையில கொக்கி கட்டல, நாளைக்கு வாங்க வருவாக, நீ கட்டிருன்னு மெல்லச் சொன்னா. அப்புறம் கேட்டத் தாண்டிப் போயி ரோட்டுல செருப்ப மாட்டுனா. எல்லாரும் பாத்தோம். சீனு எடுத்து முடிச்சாக, முதல் தடவையே நல்லா வந்துருச்சுன்னு கை தட்டுனாக.

அதுக்கப்புறம் அவ கடைக்கு வரல. பழனி ரோட்டுல ஒரு கார்மெண்ட்ஸ்ல சேந்துட்டான்னு கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் போயி ரெண்டு தடவை நின்னேன். உள்ள வாம்பா, காப்பி குடுப்பா, மழை பெய்யுது, வெயில் அடிக்குதுன்னு பேசுவா. அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. யார் கேட்டாலும் இன்னமும் தான்தான் வச்சேன்னு சொல்றாளாம். படம் வெளிநாட்டுல எங்கேயோ போட்டு நல்ல பேரு வாங்கிச்சாம், பாஸிலா போன்ல சொல்லுச்சு. அன்னைக்கு உண்மையில என்னக்கா நடந்துச்சு, அமலாக்கா அப்படிச் செய்யிற ஆளு இல்லையேன்னு கேட்டுச்சு. தெரியலம்மான்னு வச்சுட்டேன்.

எந்தம்பி மக கல்யாணம் அந்தக் கோயில்ல நல்லபடியா நடந்துச்சு. இனிகோ அண்ணன் முன்வரிசையில உக்காந்திருந்தாரு, நான் அவருக்குப் பந்தியில சோறு போட்டேன். இந்த நவம்பர்லயும் எங்கிட்ட யாரும் மெழுகுதிரி குடுத்து விடல.

அந்தக் கல்ல வச்சது நான்.